டயருக்குப் போர்வை

மகளே,

நம் தேசிய சூப்பர்பைக் அணியை மூடிவிட்டார்கள். நினைவு மலருக்கு அணியின் வரலாற்றை எழுதும் வேலையை மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். "அண்ணே, சண்டை சச்சரவெல்லாம் வேணாம், ஜெயிச்சத மட்டும் எழுதுங்க" என்றார். அப்படி எழுதினால் மலர் தபால்தலை அளவுக்குத்தான் வரும்!

இரவல் இன்ஜினோடு முதல் ரேஸுக்குப் போனது, கொட்டும் மழையில் நீ முதலாவதாக வந்தது எல்லாம் எழுதிவிட்டேன். "பிறகு அவர் வெளிநாட்டு அணிக்குச் சென்றார்" என்ற வரியோடு பேனா நின்றுவிட்டது. அன்று பட்டறையில் நாம் இருவரும் கத்தியது வரலாற்றுக்கு எதற்கு?

பட்டறையில் இப்போது உன் பழைய பைக்கும் நானும்தான். உனக்கு ரேஸ் இருக்கும் ஞாயிறுகளில், ஓட்டத்துக்கு முன் டயரைச் சூடாக்கும் மின்போர்வையை அதற்குச் சுற்றிவிடுகிறேன். பழக்கதோஷம்.

"யாரு சார் ஓட்டப் போறாங்க?" என்று காவலாளி கேட்டார். அடுத்த டயருக்கும் போர்வையைச் சுற்றினேன்.

நீ ஏறி உட்கார்ந்து டேங்கில் இரண்டு தட்டு தட்டினால்தான் நான் போர்வையை உருவுவேன், நினைவிருக்கிறதா? நேற்றே உன் ரேஸ் முடிந்துவிட்டது. நான் இன்னும் உருவவில்லை.

டயர் சூடாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்