தண்ணீருக்குள் வலிக்காத கால்

எந்தத் தண்ணீரிலும் எனக்கு முன்னால் இறங்கிப் பார்த்த என் அண்ணன் சவரிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லாத கடிதம் இது. நம் கரைப் பிள்ளைகள் கையில் கிடைக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கிச் சொல்வேன். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று முறைக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. மதினி இங்கே டெல்லியில், மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். உன் மகள் செல்வி அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பாடம் தமிழில்தான், ஆனால் சண்டை வந்தால் ஹிந்திக்குப் போய்விடுகிறாள். நீ வேலை பார்த்த பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் அதில் ஏறவில்லை.

எனக்கும் முட்டி வலிக்கிறது, அண்ணே. இடது முட்டி. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள். மூச்சைக் கட்டி இறங்கி, மூச்சு முடிவதற்குள் விருட்டென்று மேலே வந்துவிடுவோம். டெல்லியில் யமுனைமேல் பாலம் கட்டுகிறவர்களுக்கு எங்களைப் போன்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாலத்துத் தூணுக்கு அடியில், கிணறு மாதிரி ஒரு பெரிய கான்கிரீட் வளையத்தை ஆற்று மணலுக்குள் இறக்குவார்கள். உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள அது கீழே போகும். அடியில் பாறையோ மரமோ தடுத்தால், ஒரு ஆள் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் போய்க் கையால் தடவி அதை எடுக்க வேண்டும். தலையில் செம்புத் தொப்பி, மேலே கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. அதுதான் எங்கள் வேலை.

மேலே வரும்போது மெதுவாக, அங்கங்கே நின்று வரச் சொன்னான் ஃபோர்மன். நீ சிரித்தாய். கடலில் பிறந்து வளர்ந்தவனிடம் வந்து மெதுவாக ஏறு என்கிறானே என்று உனக்கு ஒரு இளக்காரம். நீ ஒரே ஏற்றத்தில் வருவாய். மேலே நிற்கிற பீகார்க்காரர்கள் கைதட்டுவார்கள், ஃபோர்மனும் சிரித்துக்கொண்டே பண்டா என்கிற கோலி சோடா உடைத்துக் கொடுப்பான். சாயங்காலம் தோளும் இடுப்பும் குடையும். யமுனைக் குளிர் என்று நினைத்துக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொள்வோம். ஊரில் வேகமாக வந்து நமக்கு ஒன்றும் ஆகவில்லையே, இங்கே என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் இருந்தேன்.

அப்புறம் உனக்கு முட்டி வலி வந்தது. பழைய டெல்லியில் ஒரு பயில்வானிடம் கூட்டிப்போனேன். அவர் முட்டியை உருவி உருவிக் கட்டினார். முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் அதில் ஒன்றுமில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று ஃபோர்மன் பேச ஆரம்பித்தான். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா மட்டும் முட்டியைப் பார்க்கவே இல்லை. உன் தொடையை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியது இன்னும் எனக்குக் கேட்கிறது. இடுப்பில் கெட்டது முட்டியில் வலிக்கும், இரண்டுக்கும் போகிற நரம்பு ஒன்றுதான் என்றார்.

அவர் ஹிந்தியில் சொன்னதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். எலும்பு கல் இல்லை, அதற்கும் ரத்தம் வேண்டும். எலும்பின் மேல் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக ரத்தக் குழாய்கள் நுழைந்து, மெலிந்து மெலிந்து எலும்பு முழுக்கப் பரவுகின்றன. தொடை எலும்பின் தண்டுக்குப் பல பக்கமிருந்தும் ரத்தம் வரும். இடுப்புக் குழிக்குள் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் அதன் தலைக்கு மட்டும், எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் சில மெல்லிய குழாய்கள்தான் ஆதாரம். நம் ஜுக்கிக் குடிசை வரிசையில் கடைசி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற கதைதான் அது.

ஆழத்தில் அழுத்திய காற்றைச் சுவாசித்தால் அது ரத்தத்தில் கரைந்துவிடுமாம். மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். சட்டென்று ஏறினால், சோடா உடைத்த மாதிரி ரத்தத்துக்குள்ளேயே குமிழி கிளம்பி அந்த மெல்லிய குழாய்களை அடைக்கும். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். நம் கடலில் காற்றுக் குழாய் கிடையாது. மேலே இழுத்த ஒரு மூச்சோடு சரி. அதனால்தான் அங்கே நமக்குத் தெரியவில்லை.

"எலும்புக்கு ஏதுலே ரத்தம்?" என்று நீ கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஜும்மா மசூதிப் பக்கம் போய் நல்லி எலும்பை உறிஞ்சுகிறாயே, உள்ளே இருப்பது என்னவென்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கப்புறம் நாம் இரண்டு பேருமே அந்தக் கடைக்குப் போகவில்லை.

செத்த எலும்பு உடனே விழுந்துவிடாது என்றும் டாக்டரம்மா சொன்னார். மாதக்கணக்கில் ஆளைச் சுமந்துகொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் பாரம் தாங்காமல் அமுங்கிப்போகும். உனக்கு அப்படித்தான் ஆனது. மூங்கில் கம்பை ஊன்றி, கிணற்று விளிம்புவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். இறங்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார், மதினி காலில் விழாத குறையாகச் சொன்னார், நானும் சொன்னேன். நீ எங்கள் யாரிடமும் கோபப்படவில்லை. "தண்ணிக்குள்ள எறங்கிட்டா எனக்கு வலி இல்லலே. அங்கன நான் நொண்டி இல்ல" என்று மட்டும் சொன்னாய்.

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

அடியில் மணல் பொங்கிய அன்று கயிறு என் கையில் இருந்தது. இழுத்தேன், வரவில்லை. இன்னொரு தொப்பியை மாட்டிக்கொண்டு நான் இறங்கினேன். இருட்டில் கையால்தான் உன்னைக் கண்டுபிடித்தேன். உன் காற்றுக் குழாய் மணலில் நசுங்கிக் கிடந்தது. ஆனால் மணல் உன் தொடைவரைதான் ஏறியிருந்தது, அண்ணே. நல்ல இடுப்பு உள்ளவன் உதைத்து வெளியே வந்திருப்பான். நீ உதைத்துப் பார்த்தாயா? அந்தச் செத்த எலும்பு உனக்கு அசைந்து கொடுக்கவில்லையா?

தோண்டி எடுத்து உன்னைக் கட்டிக்கொண்டேன். உன் விரல்கள் என் தோளைப் பிடித்தது போல இருந்தது. தண்ணீர்தான் ஆட்டியதோ, நீதான் பிடித்தாயோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நின்று நின்றுதான் மேலே வர வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நிற்கவில்லை. உயிர் இருந்தால்? ஒரே ஏற்றத்தில் உன்னைக் கொண்டுவந்தேன். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

இப்போது அதே டாக்டரம்மாதான் என் படத்தையும் பார்த்தார். இடது தொடை எலும்பின் தலை செத்துக்கொண்டிருக்கிறதாம். எந்த ஏற்றத்தில் அடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்குத் தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வலது பக்கத்துக்கு இன்னும் ரத்தம் போகிறது. இனி இறங்காமல் இருந்தால் அந்தக் காலாவது தப்பும்.

போன வாரம் ஃபோர்மன் நம் வீட்டுக்கு வந்தான். ஆற்றில் இன்னொரு பாலம் ஆரம்பிக்கிறார்கள். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "பானி மே தோ தர்த் நஹீ ஹோத்தா, நா?" என்று கேட்டான். தண்ணீரில் வலிக்காதே என்று கேட்கிறான். நீ சொன்னதை அவனும் கேட்டிருக்கிறான். மதினி அடுப்பை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு ஆசையாக இருந்தது. கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளே ஆணி இறங்குகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பழைய மாதிரி மிதக்க மாட்டேனா என்று மனசு அடித்துக்கொண்டது. நீ ஏன் அத்தனை பேர் சொல்லியும் இறங்கினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

நம் கரையிலிருந்து புதிதாக மூன்று பேரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒரே ஏற்றத்தில் வருவோம் என்று அவர்களும் மார்தட்டுகிறார்கள். நான் கயிறு பிடிக்க மட்டும் வருகிறேன் என்று நாளைக்குச் சொல்லப் போகிறேன். கயிற்றில் அங்கங்கே முடிச்சுப் போட்டு ஒவ்வொன்றிலும் அவர்களை நிறுத்துவேன். கடைசி முடிச்சில், மேலே நின்று நான் ஐம்பத்து மூன்று மணி செபமாலையை நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் கயிறு மேலே வரும். திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். நம்பாதவன் என் நடையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் இனி இறங்க மாட்டேன், அண்ணே. வலிக்காத இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் இறங்க மாட்டேன். செல்விக்குக் கல்யாணமாகிற அன்றும் கம்பு ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தரையிலேயே நொண்டி நடந்து கோயிலுக்குள் அவளைக் கூட்டிப்போவேன்.

இப்படிக்கு,
உன்னைக் கட்டிக்கொண்டு ஒரே ஏற்றத்தில் மேலே வந்த உன் தம்பி,
அந்தோணி