மாப்பிள்ளை பேரு வாயில வந்துடுச்சு

திருவண்ணாமலை

பாசமுள்ள மக மணிமொழிக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் ஆட்டோவும் ரிப்பேர் இல்லாம ஓடிக்கிட்டிருக்கோம், நீயும் அந்த ஸ்காட்லாந்துக் குளிர்ல அப்படியே இருக்கணும்னு அண்ணாமலையாரை வேண்டிக்கிறேன். முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன், திட்டாதே. போன ஞாயித்துக்கிழமை அந்த ஊர் மாப்பிள்ளையை வீடியோவுல காட்டினியே, அப்ப லைன் கட்டானது டவர் இல்லாம இல்ல, நான்தான் அமுக்கிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடுப்பான்னு நீ சொன்னதும் நாக்கு உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு.

சிரிக்காதே பாப்பா, வர்ற தை மாசம் நிச்சயத்துல தாம்பூலத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னாருக்கு என் மகளைக் கொடுக்கிறேன்னு சபையில நான்தானே சொல்லணும், உன் குமரேசன் மாமா இப்பவே மாப்பிள்ளை பேரையே சொல்லத் தெரியாதவன் பொண்ணு கொடுக்கப் போறானாம்னு கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறான். நீ அந்தப் பேரை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினதைப் பக்கத்து வீட்டு சக்கரபாணி வாத்தியார்கிட்ட காட்டினேன், அவர் ஒவ்வொரு எழுத்தா மென்னு ஃபார்குஹார்னு சொல்லி இருமிட்டார். அப்புறம்தான் அதிர்ஷ்டம்! ஆசிரமத்துக்கிட்ட ரூம் எடுத்திருக்கிற ஒரு ஸ்காட்லாந்து அம்மா என் ஆட்டோவுல ஏறினாங்க, நீ எழுதினதைக் காட்டிக் கேட்டேன், ஃபார்க்கர், அவ்வளவுதான்னாங்க! நடுவுல நிக்கிற எழுத்தெல்லாம் உன் மாமா மாதிரி, வேலை செய்யாது, பந்தியில மட்டும் உக்காரும். படிச்சவருக்கு வராதது இங்கிலீஷ் எழுத்தே தெரியாத எனக்கு ஒரே தடவையில வந்துடுச்சு பாரு! அவங்க பழைய பாஷையில அதுக்கு ரொம்பப் பிரியமானவன்னு அர்த்தமாம். அவங்க ஊர்ப் பேருக்கு முன்னாடி வர்ற மெக்னா மகனாம், மெக்கின்டயர்னா தச்சர் மகனாம். நாம அப்பன் பேரை ஒரு எழுத்தா நறுக்கி இனிஷியல்னு வச்சிருக்கோம், அவங்க பாட்டன் தொழிலையே முழுசா தூக்கிக்கிட்டுத் திரியறாங்க! அந்தச் சந்தோஷத்துல பெரிய கோவில்ல இறங்க வேண்டியவங்களை வேங்கிக்கால் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன்.

நீங்க ரெண்டு பேரும் மலையாட்டம் நிலைச்சு நல்லா இருக்கணும். காதுக்குத் துணி கட்டாம வெளியே போகாதே. மாப்பிள்ளை பிறந்த தேதியும் நேரமும் மறக்காம அனுப்பு, அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேணும்.

மனுஷங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்ததால இத்தனை நாளா நம்ம ஆட்டுக்கிட்டதான் அந்தப் பேரைச் சொல்லிப் பழகினேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி புண்ணாக்கு கொடுத்து. நேத்து உன் மாமா வந்தான். வெத்தலைத் தட்டை ஏந்திக்கிட்டு நடுவீட்டுல நின்னு சத்தமா ஃபார்க்கர்னு சொன்னேன். சரியா வந்துச்சு. ஆடும் வந்துச்சு. வெத்தலை முழுக்கத் தின்னுட்டுப் போயிடுச்சு.

உன் அப்பா,
அப்பாதுரை