எடுத்துக் கொடுக்காத இரண்டு சொற்கள்

ஜூன் 4

அன்புள்ள டைப்பிஸ்ட் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், உன் தட்டச்சு மெஷினும் மக்கர் பண்ணாமல் இருக்கும் என்று நம்புகிறேன். புது ஊரில் அரங்கம் பெரிது. என் முக்காலி மட்டும் அதே முக்காலி. இடது பக்கத் திரைக்குப் பின்னால் அதைப் போட்டு, நீ தட்டிக் கொடுத்த வசனப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். பதினோராவது வருஷம்.

ஒரு வேடிக்கை நடந்தது. நம் நாடகத்தில் தளபதிக்கு 'நீ ராஜாவாவாய்' என்று குறி சொல்லும் மூன்று கிழவிகள் வருவார்களே, அந்த வேஷம் போடும் பெண்கள் மூவரும் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் எழுந்து நின்று, "அடுத்து ராஜா வேஷம் உங்களுக்குத்தான், பாத்துக்கிட்டே இருங்க" என்றார்கள். கேலிதான். ஆனால் மூவரில் ஒருத்தி சிரிக்கவில்லை. அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?

உன் முக்காலி மன்னன்

ஜூன் 9

முக்காலி மன்னருக்கு,

கேலி என்று நீங்களாக எப்படி முடிவு கட்டினீர்கள்? "இன்னும் ரெண்டே வருஷம், என்னை மேடையில பாருங்க" என்று கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணனிடம் சொன்னது நீங்கள்தானே. அண்ணன் இப்போதும் வீட்டுக்கு வந்தால், "மாப்பிள்ளை இன்னும் திரைக்குப் பின்னாடிதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுகிறார். நான் சிரித்து மழுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுகிறேன்.

உங்கள் குரலைக் கேட்டுத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அந்தக் குரலைக் கிசுகிசுக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு அவரே தளபதி, அவரே ராஜா? உண்மையைச் சொல்லுங்கள், அவருக்கு எத்தனை இடத்தில் மறக்கிறது?

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

நீ கேட்டாய் என்று எண்ணிப் பார்த்தேன். மறக்கும் இடத்தில் எல்லாம் பிரதியில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது என் வழக்கம். போன வருஷம் ஆறு. இப்போது இருபத்தொன்று. விருந்துக் காட்சியில் மட்டும் நான்கு.

பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மறந்துவிட்டால் வாளின் பிடியில் கை வைத்து, யோசிப்பது போல இடது காதை என் பக்கம் திருப்புவார். நான் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பேன். மீதியை அவர் இடி மாதிரி முழங்குவார். கைதட்டல் அவருக்கு. வேஷத்தைக் கலைக்கும்போது தினமும் சொல்கிறார், "நீ அங்க உக்காந்திருக்க தைரியத்துலதான் தம்பி நான் மேடைக்கே வர்றேன்."

இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உன் முக்காலி

ஜூன் 20

என்னவருக்கு,

அந்த நாடகம் முழுவதையும் மூன்று கார்பன் வைத்துத் தட்டியவள் நான். அதில் ராஜாவைக் கொல்லச் சொல்லித் தூண்டும் தளபதியின் மனைவியைப் போலக் கத்தியை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கத்தியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். ஒரே ஒரு நாள் சும்மா இருந்தால் போதும்.

விருந்துக் காட்சியில் அவர் காதைத் திருப்பும்போது உங்களுக்கு இருமல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமல் வருவது குற்றமா? அவருக்கு முடியவில்லை என்று கம்பெனி முதலாளி தன் கண்ணால் பார்க்கட்டும். நீங்கள்தான் அந்தக் குறையைப் பதினோரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். உங்கள் வாழ்க்கைக்கு நீங்களே போட்டுக்கொண்ட பூட்டு அது. குறி சொன்னவர்கள் சொல்லிவிட்டார்கள். நடக்கவிடாமல் குறுக்கே நிற்பது நீங்கள்தான்.

தைரியமாக இருங்கள். எனக்காக.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 1

அன்புள்ள உனக்கு,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. விருந்துக்கு எல்லோரும் வந்தாயிற்று. பெரியவர் வாளில் கை வைத்தார், காதைத் திருப்பினார். "கதவுகளைத் திறந்துவிடுங்கள்." இரண்டே சொல். உன் கடிதத்தை அந்தப் பக்கத்தில்தான் அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

வேண்டுமென்றே சும்மா இருந்தேனா, தொண்டை அடைத்துக்கொண்டதா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. இரண்டாவது தடவையும் காதைத் திருப்பினார். மூன்றாவது தடவை, நடிப்பை விட்டுவிட்டு, என்னையே திரும்பிப் பார்த்தார். யாரோ விசிலடித்தார்கள். திரையை இறக்கிவிட்டார்கள். பெரியவர் நேராக என்னிடம் வந்து, "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, பதின்மூன்றாம் தேதியிலிருந்து அந்த வேஷம் எனக்கு என்றார். நான் சந்தோஷப்பட வேண்டுமா? நீயே சொல்.

உன்

ஜூலை 4

என்னவருக்கு,

முதல் வேலையாக அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் எழுந்து நின்று கை கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தண்ணி குடிச்சியா என்று கேட்டாரா? இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

இன்று வக்கீல் ஆபீஸில், ஒரு மனுவில் வாதியின் பெயர் வர வேண்டிய இடத்தில் "கதவுகளைத் திறந்துவிடுங்கள்" என்று தட்டிவிட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னது சரியா தப்பா என்று புரியவில்லை. நான் சொன்னதால்தான் நடந்ததா, தானாக நடந்ததா, அதுவும் புரியவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். என் ஜூன் இருபதாம் தேதிக் கடிதத்தை உடனே கிழித்துப் போடுங்கள். மறக்காமல். இந்த மாதம் இருபதாம் தேதிக் காட்சிக்கு நான் வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 14

அன்புள்ள உனக்கு,

நேற்று ராஜாவாகிவிட்டேன். மாலை போட்டார்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்கே விளங்கும்.

முதலில் அந்தக் குறி. சிரிக்காமல் இருந்தவள் சொன்னாள், "குறியும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. 'இந்த ஊரோட நான் ஒதுங்கிக்கறேன், அடுத்த ஊர்லேர்ந்து தம்பி நடிக்கட்டும்'னு பெரியவர் இங்க வந்த அன்னிக்கே முதலாளிகிட்ட சொல்லிட்டார். நாங்க பக்கத்துல துணி தச்சுக்கிட்டிருந்தோம்." ஊர் மாறும் வரை நான்கு வாரம் பொறுத்திருந்தால் அவர் கையாலேயே வாளைக் கொடுத்திருப்பார்.

எனக்கு இப்போது யார் வசனம் எடுத்துக் கொடுப்பது? பெரியவரேதான், அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. நேற்று அதே விருந்து, அதே இடம். எனக்கு மறந்துவிட்டது. தலைகீழாகத் தெரிந்த வசனம். காதைத் திருப்பினேன். வராது என்றுதான் நினைத்தேன். உடனே வந்தது, "கதவுகளைத் திறந்துவிடுங்கள்." தெளிவாக, பொறுமையாக.

திரை விழுந்ததும் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். உன் ஜூன் இருபதாம் தேதிக் கடிதம். நீ கிழிக்கச் சொல்லி எழுதியது ஏழாம் தேதியே கிடைத்தது. ஒன்பதாம் தேதி பிரதியை அவரிடம் கொடுத்தபோது, அது உள்ளே இருப்பது மறந்துவிட்டது. "அப்ப இது உன் மனசுல தோணினது இல்லையா தம்பி?" என்று கேட்டார். "இல்லீங்க, அவ எழுதினதுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வா. உன்னைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உன்

ஜூலை 18

வணக்கம்.

கடிதத்தைப் படித்ததும், பெரியவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றுதான் முதலில் பயந்தேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். கிழிக்கச் சொன்னது ஏழாம் தேதி கிடைத்தது. பிரதியை அவரிடம் கொடுத்தது ஒன்பதாம் தேதி. பதினோரு வருஷமாக அடுத்தவர் வசனத்தில் ஒரு சொல்கூட மறக்காதவர் நீங்கள்.

மறந்தீர்களா, அவர் கண்ணில் படட்டும் என்று விட்டீர்களா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை என்றுதான் பதில் எழுதுவீர்கள். அது உண்மையாகவும் இருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாரம் குறைந்தது என்கிறீர்கள். அது எங்கே வந்து இறங்கியது என்று யோசித்தீர்களா?

தூண்டிவிட்டது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதிவிட்டேன். தட்டச்சில் இல்லை, கைப்பட.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன். அண்ணன் வருகிறார், உங்களை மேடையில் பார்க்க அவருக்கு ஆசை.

நீங்கள் இத்தனை வருஷமாக எழுதியவற்றைத் தேதி வாரியாகக் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட வேறு யார் கையிலும் போனதில்லை. என்னுடையவற்றையும் அனுப்பிவிடுங்கள். பெரியவர் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்து.

டைப்பிஸ்ட்