அம்மாவுக்கு வைத்த படகுப் பரீட்சை

பூதலூர்,
பிப்ரவரி 9

அன்பு மகள் ஷீபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆபரேஷனில் வைத்த அவளுடைய புது முழங்காலும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை எல்வினும், உன் வயிற்றில் ஐந்து மாதமாக வாடகையில்லாமல் குடியிருக்கும் பெரிய மனிதரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். சம்பா அறுவடை முடிந்தது, உளுந்து தெளித்தாயிற்று. நைட் டியூட்டியைக் குறைக்கச் சொல்லி உன் பெரிய நர்சம்மாவிடம் கேட்டாயா இல்லையா, அதை முதலில் எழுது.

ஜூன் கடைசியில் பிரசவத்துக்கு அம்மா வருவாளா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்போது குறுவை நடவு, நகர முடியாது. தனியாக விமானம் ஏறிக் கடல் தாண்டி நியூசிலாந்து வரை போவதா என்று அம்மாவுக்கு உதறல், அதனால்தான் ஒரு மாதமாக உனக்குப் பிடிகொடுக்காமல் இருந்தாள். நான்தான் ஒரு பரீட்சை வைத்தேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஏரியில் படகில் போய்ப் பார்ப்போம், பயமில்லாமல் உட்கார்ந்தால் விமானம் ஏறு, பயந்தால் பேச்சை விட்டுவிடு என்றேன். தலையாட்டினாள். போன சனிக்கிழமை விடியும் முன்பே புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். பட்டுக்கோட்டையில் பஸ் மாறி நேரே படகுத்துறைக்குப் போகலாம் என்றால் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டு ஏரிக்கரை ஊர்களைப் பார்க்காமல் வருவதா என்று அதிராம்பட்டினத்தில் இறக்கிவிட்டாள். அங்கே சேக் தாவூது பாய் கடையில் இறால் வாடா, அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிக்கும் வடை, காலையிலேயே சுடச்சுட. ஒன்று போதும் என்று ஆரம்பித்தவள் நாலு தின்றாள். பக்குவம் கேட்டு, பாயின் வீட்டம்மா கமருன்னிஸாவை உள்ளேயிருந்து வரவழைத்து, அவர் சொல்லச் சொல்ல பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஏதோ ஒன்றாகப் படித்தவர்கள் மாதிரி. அடுத்து முத்துப்பேட்டை கடைத்தெருவில் இரண்டு கிலோ கருவாடு. அந்தப் பையோடு ஆட்டோவில் ஜாம்புவானோடை படகுத்துறை போவதற்குள் டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டார்.

படகுக்காரர் பெயர் வீரையன், ஐம்பது வயதிருக்கும், சாதுவான மனிதர். புடவைக்கு மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மா முன்பலகையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் காடு, நடுவில் ஆறு, அது போய்த் திறந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரி. காட்டுக்குள் மரப்பாலத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீரையன் வந்து, "ஐயா, தண்ணி வத்துதுங்க, கிளம்பிடலாங்க" என்று கூப்பிட்டார். முப்பத்திரண்டு வருஷம் மதகு திறந்து மூடிய லஸ்கரிடம் போய் இதைச் சொன்னால் விடுவேனா. மேலே ஷட்டரை இறக்கினாலும் கடைமடையில் தெரிய இரண்டு நாள் ஆகும், சும்மா இருங்கள் என்று அதட்டினேன். பாவம், பெரிய ஆபீசர் என்று நினைத்திருப்பார், படகுக்கே திரும்பிப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினோம், ஏரிக்கு நடுவில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நம் வாய்க்காலில் தண்ணீர் மேற்கே இருந்து கிழக்கே போகும், அதோடு சரி. கொடுத்த தண்ணீரைக் கடல் தினமும் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று என் சர்வீசில் யாரும் சொல்லித் தரவில்லை.

கடல் தண்ணீர் திரும்ப ஏறி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார் வீரையன். எனக்குக் கை நடுங்கியது. இங்கே முதலை உண்டா என்று இரண்டு தரம் கேட்டேன். உன் அம்மா புளிச்சோற்றைப் பிரித்து வீரையனுக்கு முதலில் வைத்தாள், அவருடைய மகள் அனுராதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையைக் கேட்டாள், பிறகு ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆமென் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. "தண்ணி வரும், பேசாம உட்காருங்க" என்று என் முதுகைத் தடவினாள். சொன்னபடியே தண்ணீர் வந்தது, படகு மிதந்தது. திரும்பும் பஸ்ஸில், "ஷீபாவை டிக்கெட் போடச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் பூசை முடிந்ததும், படகில் நான் நடுங்கியதைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்காவிடம் நடித்தே காட்டியிருக்கிறாள், தெரு முழுக்கச் சிரிக்கிறது.

இனி எழுதுவதைப் போனில் சொல்ல முடியாது, அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அந்தப் பரீட்சையை அவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் வைக்கவில்லை, ஷீபா. தோற்க வேண்டும் என்றுதான் வைத்தேன். படகைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுவாள், ஆறு மாதம் என்னை விட்டுப் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில், நீ பிறந்தபோது தாய்வீடு போனதைத் தவிர அவள் என்னை விட்டு இருந்ததில்லை. பெற்ற மகளுக்குத் துணை வேண்டிய நேரத்தில் இப்படி நினைத்தேனே என்று வெட்கமாக இருக்கிறது. நீ யோசிக்காமல் இன்றைக்கே அவளுக்கு டிக்கெட் போடு.

உனக்கும் எல்வினுக்கும் வரப்போகும் பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஏரியில் நான் நடுங்கியது தண்ணீருக்குப் பயந்து என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். தான் பயப்படாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் என்று தெரிந்தால் விமானம் ஏற மாட்டாள்.

உன் அப்பா,
பெரியநாயகசாமி