பெண்கள் வரிசையில் நான்

என் வீட்டுக்காரிக்கு,

இந்த வயதில் இப்போதுதான் கற்ற எழுத்து, கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் பார், நானே எழுதுகிறேன்! இதை வேறொருவரிடம் சொல்லி எழுத வைக்க முடியுமா?

உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று போனாய். அவள் நன்றாகத்தான் இருக்கிறாளாம். நீ படுக்கையைக் கூடத்துக்கு மாற்றியபோதே, அந்த அரிப்பும் வெள்ளைப்படுதலும் திரும்ப வந்துவிட்டதென்று எனக்குத் தெரியும்.

பெண்கள் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். வரிசையில் ஒருத்தி, "தாத்தா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் கடையில அதே களிம்பா? மாதிரி எடுத்து எந்தக் கிருமின்னு பார்த்தாத்தான் சரியான மருந்து தர முடியும். சர்க்கரையும் பார்க்கணும். சோப்பு போட்டு உள்ளே கழுவ வேண்டாம்னு சொல்லுங்க. இது அழுக்கால வர்றதில்ல, ஐயா" என்றார். அழுக்கால் இல்லை என்றதை உனக்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

உப்பு டப்பா, காலண்டர், சோப்பு உறை என்று வீட்டில் உள்ளதையெல்லாம் சத்தமாக வாசித்துவிட்டேன். கேட்கத்தான் ஆளில்லை.

வந்துவிடு, சேர்ந்து போவோம். வாயால் சொல்லக் கூச்சமென்றால் நீயும் எழுது. வாசித்துக் காட்ட எனக்கு இனி யாரும் வேண்டாம். பதில் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன், இதைவிட நேராக.

உன் வீட்டுக்காரன்