மேப்பிள் மரத்தில் கட்டிய இளங்கொடி

நேற்று வீட்டுக்குப் புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. பூட்டிக் கொடுத்தவர்கள் போன பிறகு அது மெதுவாக "ம்ம்ம்" என்றது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆளைக் கண்டதும் உன் அல்பாக்காக்கள் போடும் அதே முனகல். கெபெக் மாகாணத்து நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாம் மாடியில் நின்றுகொண்டு, பெட்டியைப் பார்த்து "என்னடி?" என்று கேட்டேன். நல்ல காலம், வீட்டில் ஒருவரும் இல்லை.

நாம் இருவரும் டவுன்டவுன் ஹோட்டல் குசினியில் வெங்காயம் உரித்தவர்கள். இரண்டாயிரத்து நான்கில் நீ அதை விட்டுவிட்டு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால் சின்னப் பண்ணை எடுத்து, கம்பளிக்காக அல்பாக்கா வளர்க்கப் போகிறேன் என்றாய். "அது ஒட்டகமோ, ஆடோ?" என்று கோயிலில் கேட்டார்கள். "ரெண்டுக்கும் ஒண்டுவிட்ட சகோதரம்" என்று முகம் மாறாமல் சொன்னாய். அதிகம் சிரித்தவள் நான்தான். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்தேன். உன் மனுசன் லொறியோடு அமெரிக்காவில் அலைய, நீ தனியாகப் புல்லுக்கட்டு தூக்குவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் வருஷம் ஒரு குட்டியும் அதன் தாயும் அடுத்தடுத்துச் செத்துப்போயின. குட்டி போடக்கூடிய பெட்டையாக மிஞ்சியது சிவலை மட்டும். "இவளும் போனா நான் திரும்ப வெங்காயத்துக்குத்தான்" என்றாய். பகிடி போலத்தான் சொன்னாய், ஆனால் உன் கை அவள் முதுகை விட்டு எடுபடவில்லை.

ஆவணியில், ஒரு சனிக்கிழமை முற்பகல், சிவலை பெட்டைக்குட்டி ஈன்றாள். பின்னேரம் இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, விழுந்தது. புதைக்கலாம் என்று நான் மண்வெட்டி எடுத்துவந்தால், நீ அதைப் பழைய அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு ஏணியைத் தேடுகிறாய்.

"உனக்கென்ன விசரோ?"

"பால் பெருகோணும். ஊரில மாடு கண்டு போட்டா இளங்கொடியை ஆலமரத்தில கட்டிறேல்லையோ?"

"ஆலமரத்துக்கு இங்க எங்க போவாய்?"

"பால் வடியிற மரம் எண்டுதானே கணக்கு. மேப்பிள் வடியாதோ?"

"அது பங்குனியிலயெல்லோ வடியும்!"

"மரத்துக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏணியைப் பிடி."

பிடித்தேன். வயிறு நோகச் சிரித்துக்கொண்டே பிடித்தேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை சிவலை புல்லைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு விலகி நின்றது. நீ கூப்பிட்டதும் வந்த மிருக வைத்தியர், முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட கெபெக் பெண்மணி, முதலில் கேட்டது இளங்கொடியைத்தான். அது முழுதாக விழுந்ததா? ஒரு துண்டு உள்ளே நின்றாலும் இரத்தம் நஞ்சாகிவிடும். விழுந்ததைப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் இந்நேரம் நரி கொண்டுபோயிருக்கும் என்று அவரே கையை விரித்தார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் மேப்பிளைப் பார்த்தேன். மறுபடி ஏணி.

அவர் அதைப் பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பினார். கால்சட்டை போல இரண்டு கால், அதில் ஒன்றுக்கு நுனி இல்லை. அவர் கையுறை மாட்டி, உள்ளே நின்ற துண்டை எடுத்து, கழுவி, ஊசி போட்டு முடிக்கும்வரை நீ சிவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாய். "நிண்டுகொள்ளடி என்ர குஞ்சு, நான் இருக்கிறன்." அவள் உன் முகத்தில் பச்சையாகத் துப்பினாள். நீ துடைக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் புல் தின்றாள். மரத்தில் ஏன் கட்டினீர்கள் என்று வைத்தியர் கேட்க, உன் குசினிப் பிரெஞ்சில் விளக்கினாய். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு உயரத்தில் கட்டவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

போன மாரியில் உனக்கு அறுவை முடிந்தது. கட்டியில் ஒரு துண்டு எடுக்கமுடியாத இடத்தில் நின்றுவிட்டது என்றார்கள். "சிவலையின்ரயை எண்டா அந்த டொக்டர் மனுசி எடுத்துப்போட்டா" என்று சொல்லிச் சிரித்தாய். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற எனக்கு அதற்குச் சிரிப்பு வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நிண்டுகொள்ளடி, நான் இருக்கிறன்" என்றேன். நீ நிற்கவில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

உன் மனுசன் லொறியை விட்டுவிட்டார். மந்தையை அவர்தான் பார்க்கிறார். நான் இப்போதும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறுகிறேன். நான் கொட்டிலுக்குள் போனதும் சிவலை கிட்ட வந்து, என் தோளுக்குப் பின்னால் எட்டி உன்னைத் தேடுகிறாள். "நான் இருக்கிறன்" என்று அவளுக்குச் சொல்கிறேன். அவள் இன்னும் நம்பவில்லை. நானும் விடுவதாக இல்லை.