முனாப் நானாவின் லொறியும் என் கையும்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

என் செல்ல மகள் நிவேதிகாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஞானமணியும் நலம், எங்களைவிட அவளுடைய கோழிகள் நலம். மலேசியாவில் கால்பந்துக் கழகத்துக்குக் கோல் காக்கும் உன்னையும் உன் இரண்டு கைகளையும், குறிப்பாக அரையிறுதியில் வீங்கிய அந்தச் சுண்டுவிரலையும் கோணேசர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருக்கிறோம். இந்தக் கடிதத்தில் உலகத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று என் தலையில் நானே கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் சித்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துவாள். தாளில் திருத்துவதற்கு அவளுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும், அதை நான் ஒளித்து வைத்துவிட்டேன்.

கதைக்கு முன் ஊர் நிலவரம். துறைமுகத்துப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் நம்முடைய கிண்ணியா முனாப் நானா இப்போதெல்லாம் நடப்பதில்லை, பவனி வருகிறார். காரணம் நீதான். காலிறுதி முடிந்ததும் ரீவிக்காரப் பிள்ளை மைக்கை நீட்டி, பந்தை இவ்வளவு மெத்தெனப் பிடிக்க யார் படிப்பித்தது என்று கேட்க, நீ சிரித்துக்கொண்டு, எங்கட ஊர் முனாப் நானாட லொறிதான் என்றாய். லொறிக்குக் கை இருக்கிறதா மகளே. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பச்சைத் தோலும் சிவப்புத் தண்ணீருமான வத்தகப்பழம் இறக்கும் வரிசையில் நின்றதைக் கொஞ்சம் நினைத்துப் பார். முனாப் நானா லொறியின் மேலே நின்று எனக்கு எறிவார், நான் பிடித்து உனக்கு எறிவேன், நீ பிடித்துத் திரும்பிப் பின்னால் நிற்கும் சித்தியிடம் கொடுப்பாய், அவள் கடைக்குள் அடுக்குவாள். இறுக்கிப் பிடித்தால் பழம் வெடித்துவிடும், அது வரும் வேகத்தோடு கையையும் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சில் வாங்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன் யார். அவர் மேலே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உன் கைக்கு வந்த ஒவ்வொரு பழமும் என் கையிலிருந்துதான் வந்தது. லொறி அவருடையது, கை என்னுடையது. உன் அப்பா, என் அண்ணன், கண்ணை மூடிய பிறகு உன்னை வாங்கியதும் இதே கைதான், அன்றைக்கும் மெத்தெனத்தான் வாங்கினேன்.

இதைவிடப் பெரிய அநியாயம் கேள். இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் அந்த யப்பான் கழகப் பிள்ளை அடித்த பந்தை அழகாகப் பிடித்தாய், பழக்கத்தில் திரும்பினாய், பின்னால் சித்தி நிற்கிறாள் என்ற நினைப்பில் பதமாகக் கொடுத்தாய். அங்கே சித்தி இல்லை, கோல் வலைதான் இருந்தது. வேறு எந்த ஊர்க் கோல் காப்பாளருக்கும் இப்படி ஒரு பிழை விடத் தெரியாது. கடையில் ரீவி பார்க்கக் கூடியிருந்த அத்தனை பேரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். முனாப் நானா தாடியைத் தடவிக்கொண்டு, என்னைக் காட்டி, பாக்கியத்தார் படிச்சுக் குடுத்தது அப்பிடித்தான் இரிக்கும் என்றார். பிழை விட்டால் பாக்கியத்தார், பந்து பிடித்தால் லொறி. இதை எந்தக் கோட்டில் போய் வழக்கு வைப்பது. போதாக்குறைக்கு இப்போது அந்த லொறியின் கண்ணாடியில் உன் படத்தை ஒட்டியிருக்கிறார். உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் லொறியோடு நின்று படம் எடுக்கிறார்களாம். என்னோடு நின்று எடுக்க ஒரு ஆடுகூட வரவில்லை.

இறுதிப் போட்டிக்கு ஆளுக்கு ஒருவரை ஊரிலிருந்து கூப்பிட உங்கள் கழகம் இடம் தந்திருக்கிறது, யாரென்று யோசித்துச் சொல்கிறேன் என்று சித்தியிடம் சொன்னாயாம். சித்தி பிளேன் என்ற சொல்லைக் கேட்டாலே இருக்கிற கதிரையைப் பிடித்துக்கொள்கிறவள், அவள் வரமாட்டாள். மிச்சம் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்கு வர நேரமும் இல்லை, கோழிக்கூடு திருத்த இருக்கிறது. ஆனால் முனாப் நானா தாடிக்கு மருதோன்றி போட்டாகிவிட்டது. மலேசியாவில் மழையா வெயிலா என்று மகள் பஹ்மியாவிடம் ஒரு நாளைக்கு நூறு தரம் விசாரிக்கிறாராம். எனக்கு இதில் எரிச்சல் ஒன்றும் இல்லை. வயிற்றில் ஏதோ கொஞ்சம் எரிகிறது, அது உன் சித்தியின் கத்தரிக்காய்க் குழம்பு.

இனிக் கதை. அரையிறுதி சமநிலையில் முடிந்து, பெனல்டியில் கடைசி உதைக்கு அந்த நெட்டைப் பிள்ளை பந்தை வைத்தபோது துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டன. கோட்டையடி மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து கடை வாசலில் பிள்ளைகள்போல வரிசையாக நின்றன. நான் ரீவிக்கு முன்னால் எழும்பி, இடப்பக்கம் பிள்ளை என்றேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அந்தச் சத்தம் கடலில் இறங்கி, அங்கே நின்ற வள்ளங்களைப் பனை உயரத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, நிக்கோபாரில் ஒரு மூச்சு வாங்கி, நேரே உன் காதில் வந்து விழுந்தது. நீ இடப்பக்கம் பாய்ந்தாய், பந்து வத்தகப்பழமாகவே மாறி உன் நெஞ்சில் வந்து படுத்தது. மறுநாள் விடிய ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நின்றது. கப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஐயா இல்லாமல் இறுதிப் போட்டி தொடங்க ஏலாதாம், தயவுசெய்து ஏறுங்கோ என்று அழுதான். கோழிக்கூட்டைக் காட்டி அனுப்பிவிட்டேன். ஆனாலும் அவன் மனம் நோகக் கூடாது என்று வவுனியாவுக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுத்தேன். என்னைக் கண்டதும் மேளமும் நாதஸ்வரமும் முழங்க, வரிசையில் நின்ற சனம் முழுவதும் விலகி வழிவிட்டது. படம் எடுக்கும் பிள்ளை சிரிக்கக் கூடாது என்றாள், நான் நிவேதிகாவின் சித்தப்பா என்றேன், உடனே எனக்காகச் சட்டத்தையே மாற்றினார்கள்.

சரி, நீ நேரத்துக்குச் சாப்பிடு. விரலுக்கு ஒத்தடம் கொடு. அந்தப் பயிற்சியாளர் அம்மா நல்லவராக இருக்கலாம், அதற்காக அவரை அடிக்கடி கட்டிப்பிடித்து ரீவியில் காட்டத் தேவையில்லை. முனாப் நானாவைத்தான் கூப்பிட மனமென்றால் கூப்பிடு, பாவம், லொறிக்கும் சேர்த்து ஒரு கதிரை கேள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இறுதிப் போட்டியில் பந்தைப் பிடித்தால் திரும்பாதே, முன்னால் எறி. பின்னால் நாங்கள் இல்லை.

எல்லாக் கோயில் விபூதியும் உன் நெற்றியில் இருக்கட்டும், சித்தியின் முத்தமும்.

உன்னை வளர்த்த கைக்குச் சொந்தக்காரன்,
சித்தப்பா பாக்கியரத்தினம்

பி.கு. கப்பல் பொய். மான் பொய். பெனல்டி நேரம் நான் ரீவியைப் பார்க்கவே இல்லை, பயத்தில் லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், சத்தம் கேட்ட பிறகுதான் வந்தனான். கோழிக்கூடும் போன மாதமே திருத்தியாகிவிட்டது. கடவுச்சீட்டு எடுத்தது மட்டும் உண்மை. அலுமாரியில் உன் பழைய கையுறைக்கு அடியில் இருக்கிறது, இன்னும் சித்திக்கே தெரியாது.